பெரிய படம் எல்லாம் ஏன் இப்படி ஆயிடுச்சு? நம்ம பக்கத்துக்காரங்க சொல்லுங்க

மூணாறு தலைப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கம். 1986லேர்ந்து 2009 வரைக்கும் தியேட்டர் ஆபரேட்டரா வேலை பார்த்தேன். முதல்ல டூரிங் கொட்டகை, அப்பறம் டவுன்ல பர்மனண்ட் தியேட்டர். இப்ப ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். போன ஞாயிறு பேரன் ஆசைப்பட்டான்னு தஞ்சாவூருக்கு ஒரு பெரிய படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். படத்தோட பேரு வேண்டாம், அதுக்கும் பலபேரு ராப்பகலா உழைச்சிருப்பாங்க. ரெண்டே முக்கால் மணி நேரத்துல ஒரு இடத்துலயாவது ரெண்டு பேரு உட்கார்ந்து பேசுவாங்களான்னு பார்த்தேன். இல்ல. திரும்பி வரும்போது பஸ்ல பேரன்கிட்ட "கதையைச் சொல்லுடா"ன்னேன். சண்டைய எல்லாம் வரிசையா சொன்னான். யாரு எதுக்காக யாரை வெட்டினான்னு கேட்டா முழிக்கிறான். பத்தாவதுல நல்ல மார்க் வாங்கின பய அவன்.

ஆபரேட்டர் ரூம்ல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது வழியா திரையும் தெரியும், கீழ உட்கார்ந்திருக்கிற தலைகளும் தெரியும். ஒரு ரீல் இருவது நிமிஷம் வரும். முடியப் போறப்ப திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி மின்னும், அது வந்தா அடுத்த மெஷின் மோட்டாரைப் போடணும். ரெண்டாவது புள்ளிக்கு மாத்திடணும். அதுக்காகக் கண்ணை எடுக்காமப் பார்த்துப் பார்த்து, எந்தப் படத்துல எந்த ரீல்ல ஜனம் பீடி குடிக்க எழுந்திருக்கும்னு எனக்கு மனப்பாடம். பாட்டுக்கு எழுந்துபோவாங்க. சண்டைக்குக்கூட எழுந்துபோனதை நான் பார்த்திருக்கேன். அம்மாவும் மகனும் பேசுற சீன், பஞ்சாயத்துல ஒருத்தன் தலைகுனிஞ்சு நிக்கிற சீன், இதுக்கெல்லாம் ஒரு தலை அசையாது. மணல்ல உட்கார்ந்திருக்கிறவங்க குவிச்சு வச்ச மணலைக் கையால தடவிக்கிட்டே பார்ப்பாங்க.

பணம் கூடக் கூட அந்த மாதிரி சீன் படத்துலேர்ந்து ஏன் காணாமப் போவுது? பணம் இருந்தா இன்னும் நல்லா எடுக்கலாம்தானே? எனக்கு நிஜமா புரியல. வயசானவன் புலம்பலா எடுத்துக்காம, தெரிஞ்சவங்க சொல்லுங்க.


குடந்தை முதல்ஷோ எழுதியது:

அய்யா, உங்க மேல மரியாதையோட சொல்றேன், நான் ஒத்துக்க மாட்டேன். எனக்கு 24 வயசு. 2022ல விக்ரம் பார்த்தப்ப கும்பகோணத்துல தியேட்டரே எழுந்து நின்னுச்சு. ஓடிடியில வந்த பிறகும் தியேட்டர்ல ஓடின படம் அது. அதே வருஷம் பொன்னியின் செல்வன் வந்தப்ப, பத்து வருஷமா தியேட்டர் படி ஏறாத எங்க ஆத்தா கிளம்பி வந்துச்சு. இடைவேளையில பக்கத்து சீட்டுல இருந்த தெரியாத பெரியவர்கிட்ட "பழுவேட்டரையர் அரண்மனை இப்ப எந்த ஊரு"ன்னு கேட்டு, அவர் கீழப்பழுவூர் மேலப்பழுவூர்னு பெரிய விளக்கமே குடுத்தாரு. அந்த சந்தோஷத்தை சின்னப் படம் குடுக்குமா? ஒரு மோசமான படத்தை வச்சு எல்லாத்தையும் குறை சொல்லாதீங்க. அன்னைக்கும் எம்.ஜி.ஆர். வந்து நின்னா விசில்தான பறந்திருக்கும்? ஹீரோ நடந்து வர்றதைப் பார்க்கத்தான் ஜனம் அன்னைக்கும் வந்துச்சு, இன்னைக்கும் வருது.


ஹரித்ராநதி எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பழைய படம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காலம் சலித்துக் கொடுத்த நெல். பதரெல்லாம் அப்போதே பறந்துபோய்விட்டது. அந்தப் பதரை எண்ணாமல் இன்றைய களத்துமேட்டு நெல்லோடு ஒப்பிட்டால் இன்றைக்கு மோசமாகத்தான் தெரியும். நான் முப்பது வருடம் மன்னார்குடியில் பள்ளி ஆசிரியை. எழுபதுகளின் இறுதியில் நான் பார்த்த படங்களில் பாதிக்குப் பெயர்கூட நினைவில்லை.

இன்னொன்று. பிரம்மாண்டம் என்பது ஹைதராபாத்திலிருந்து நேற்று வந்த பழக்கம் அல்ல. சந்திரலேகா 1948. தமிழில் எடுத்து அதே ஆண்டு ஹிந்தியிலும் கொண்டுபோய் நாடு முழுக்க ஓட்டியவர் எஸ்.எஸ்.வாசன். அவர் நம் திருத்துறைப்பூண்டிக்காரர். அந்த முரசு நடனத்துக்காகவே கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நடனம் முடிந்ததும் முரசுக்குள்ளிருந்து வீரர்கள் இறங்கி வருவார்கள். அவ்வளவு பெரிய காட்சி கதைக்குள் ஒரு வேலையைச் செய்தது, அதனால்தான் முக்கால் நூற்றாண்டு கழித்தும் பேசுகிறோம். ஆபரேட்டர் சார் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். காட்சி பெரிதா சிறிதா என்பதை விட்டுவிடுங்கள், அது கதையைத் தூக்குகிறதா இல்லையா?

நம் பக்கத்தில் நன்னிலத்துக்கு அருகே நல்லமாங்குடியில் பிறந்த பாலசந்தர், நாலு சுவருக்குள் ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு படம் எடுத்தவர். வாசனும் பாலசந்தரும் ஒரே மண்தான். இரண்டு வகைக்கும் இங்கே இடம் இருந்தது.


டி.டி. ஏரியா எழுதியது:

ஆபரேட்டர் அண்ணே, உங்க கேள்விக்கு எங்க ஆபீஸ்லேர்ந்து பார்த்தா பதில் சுலபம். திருச்சி தஞ்சாவூர் ஏரியா விநியோகத்துல 15 வருஷமா கணக்கு எழுதறேன்.

பிலிம் காலத்துல ஒரு பிரிண்ட் போட நிறைய செலவு. அதனால கொஞ்சம் பிரிண்ட்தான் போடுவாங்க. முதல்ல திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம். அங்க ஓஞ்ச பிறகு மாயவரம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை. அப்பறம் நீடாமங்கலம், பேராவூரணி, அதுக்கப்பறம் உங்க டூரிங் கொட்டகை. படம் நல்லா இருக்குன்னு ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் பேச்சு நடந்து போக நாள் இருந்துச்சு. முதல் வாரம் காத்தாடின படம் மூணாவது வாரம் நிமிர்ந்த கதை எங்க பழைய லெட்ஜர்ல எத்தனையோ இருக்கு. இப்ப ஹார்டு டிஸ்க், சாட்டிலைட். பாஸ்வேர்டு வந்தா எல்லா ஊர்லயும் ஒரே நாள், ஒரே நேரம். ஒரு ஊர்லயே மூணு ஸ்கிரீன்ல அதே படம். தமிழ்ப் படம்னா நாலு வாரத்துல ஓடிடிக்குப் போயிடுது. ஆக, போட்ட பணத்தை வெள்ளி, சனி, ஞாயிறுல எடுக்கணும். திங்கக்கிழமை வசூல் பாதிக்குக் கீழ விழுந்தா அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேற படம் வந்து நிக்கும்.

மூணு நாள்ல யாரு வருவா? ரசிகர்கள். ரசிகருக்கு என்ன வேணும்? அறிமுகம், இடைவேளை சண்டை, கடைசியில இன்னொரு ஸ்டார் வந்து ஒரு நிமிஷம் நிக்கிறது. அம்மாவும் மகனும் பேசுற சீனால முதல் மூணு நாளைக்கு ஒரு டிக்கெட்டும் அதிகமா விக்காது. அந்த சீன் மூணாவது வாரத்துக்கான முதலீடு. மூணாவது வாரமே இல்லைன்னு ஆன பிறகு அதை எவன் எழுதுவான், எவன் எழுத விடுவான்?

இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய படத்துல பட்ஜெட்டுன்னு சொல்ற தொகையில பெரிய பங்கு திரையில வர்றதே இல்ல, சம்பளத்துல போயிடுது. ஸ்டார் கால்ஷீட் கிடைச்சதும் ரிலீஸ் தேதி போடுவாங்க. அந்தத் தேதிய வச்சு ஓடிடி, டிவி, வெளிநாடு எல்லாம் வியாபாரம் ஆகும். கதை அதுக்குப் பிறகுதான் முழுசா உருவாகும். நாத்து விடாமலே அறுப்புக்கு மெஷின் பேசி முடிக்கிற மாதிரி. 2024ல இந்தியன் 2, கங்குவா ரெண்டும் வெளிவந்த சில நாள்லயே சுமாரா 12 நிமிஷம் வெட்டப்பட்டுச்சு. கங்குவாவுக்கு சத்தத்தைக் குறைச்சு வைங்கன்னு தயாரிப்புத் தரப்பே தியேட்டருக்குச் சொல்ல வேண்டி வந்துச்சு. இதெல்லாம் எடிட்டிங் டேபிள்ல நிதானமா உட்கார்ந்து ஒரு தடவை பார்த்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். உட்கார நாள் இல்ல.


கடைமடைக்காரன் எழுதியது:

எனக்கு சினிமா வியாபாரம் தெரியாது. வேதாரண்யம் தாலுக்கா, மூணு ஏக்கர். வீட்டுல நாலு பேரு. பெரிய படத்துக்குப் போகணும்னா டவுனுக்கு 30 கிலோமீட்டர். டிக்கெட்டு, பெட்ரோலு, புள்ளைங்களுக்குத் தீனி எல்லாம் சேர்த்தா ரெண்டு ஆள் கூலி போயிடுது. அதனால வருஷத்துக்கு ரெண்டு படம், மிஞ்சினா மூணு.

எங்க அப்பா காலத்துல பொங்கல் கழிச்சு அறுப்புக் கூலி கையில புரளும்போது கொட்டகைக்குக் கூட்டம் வரும். தை, மாசி ரெண்டு மாசமும் களைகட்டும். படம் தீவாளிக்கு வந்ததா இருக்கும், பரவாயில்ல, எங்களுக்கு அது புதுசுதான். இப்ப தீவாளிக்குப் படம் வர்றப்ப நாங்க சம்பாப் பயிருக்கு உரம் வாங்கக் கடன் கேட்டுக்கிட்டு இருப்போம். கையில காசு வர்றப்ப படம் தியேட்டர்ல இல்ல.

வருஷத்துக்கு ரெண்டே படம் பாக்கறவனுக்கு அது ஏமாத்தினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. போன வருஷம் ஒரு பெரிய படத்துக்குப் போயிட்டு வந்தோம். சின்னவ ஏழு வயசு, சத்தம் தாங்காம என் மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டுத் தூங்கிட்டா. வீட்டுக்காரி ராத்திரி சோறு போடும்போது "அந்தக் காசுக்கு ரெண்டு பாவாடை துணி எடுத்திருக்கலாம்"னா. சண்டை போடல, சாதாரணமாத்தான் சொன்னா. அன்னைக்கு எனக்கு மனசே ஆறல.


சீவாளி எழுதியது:

நான் திருவாரூர் பக்கம் நாயனக் குடும்பம். அப்பா, தாத்தா ரெண்டு பேரும் வாசிச்சவங்க. நான் தவில்.

1968ல தில்லானா மோகனாம்பாள் வந்துச்சு. அந்தக் காலத்துக்கு அது பெரிய படம்தான். கலர், சிவாஜி, பத்மினி, பாலையா. பின்னணியில வாசிச்சது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனா சிக்கல் சண்முகசுந்தரமா சிவாஜி உட்கார்ந்து வாசிக்கிறப்ப அவர் விரல் எங்க இருக்கு, மூச்சு எங்க எடுக்கிறாரு, எந்த இடத்துல கழுத்து நரம்பு புடைக்குதுன்னு பாருங்க. எங்க தாத்தா அதைப் பார்த்துட்டு வந்து ரெண்டு நாள் பேசினாராம். "அவன் வாசிக்கலைன்னு எனக்குத் தெரியும்டா, ஆனா தெரியல"ன்னாராம். பாலையா தவிலைப் பிடிச்சு உட்கார்ந்திருக்கிற தோரணைய நான் இன்னைக்கும் எங்க பையன்களுக்குப் போட்டுக் காட்டறேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பெரிய படம். கோயில் திருவிழா பாட்டு. முன்னூறு ஆட்டக்காரங்க இருப்பாங்க, மேல ட்ரோன் பறக்குது, பூவா கொட்டுது. பின்னாடி வரிசையில பத்து தவில் நிக்குது. பத்துப் பேரும் வலது கையில கம்பு வச்சிருக்காங்க. தவில்ல வலது பக்கம் விரல்ல கூடு மாட்டி வாசிக்கணும், இடது பக்கம்தான் கம்பு. கூடுன்னா துணியும் பசையும் சுத்திக் காய வச்சு விரலுக்குச் செய்யற உறை. அது ஒருத்தர் விரல்லயும் இல்ல. ஒருத்தர் இடது கை ஆளா இருந்தா மாறும், பத்துப் பேருமா? நாயனம் வச்சிருந்தவர் வாயில சீவாளியே படல. சீவாளின்னா நாயனத்து நுனியில மாட்டி, வாயில வச்சு ஊதற நாணல் துண்டு.

இது சின்ன விஷயம்னு சொல்வீங்க. நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்தைக் கடைஞ்சு நாயனம் செய்யறாங்க, 2022ல அதுக்கு புவிசார் குறியீடு கிடைச்சுது. திருவாவடுதுறையில நாணலைப் பதப்படுத்தி சீவாளி கட்டறாங்க. அந்தப் பாட்டுல ஒரு நாளைக்குப் பூவுக்கு ஆன செலவுல, இங்கேர்ந்து ஒரு வித்வானைக் கூட்டிட்டுப் போயி ஒரு வாரம் வச்சு அந்தப் பத்து பேருக்கும் சொல்லிக் குடுத்திருக்கலாம். ஒருத்தருக்கும் தோணல. பணம் இல்லாம செய்யாம விட்டா மனசு ஏத்துக்கும். இவ்வளவு பணத்தை வச்சுக்கிட்டு, நம்ம தொழிலை ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கலைன்னா அது வலிக்குது.


குடந்தை முதல்ஷோ எழுதியது:

சீவாளி அண்ணே, நீங்க சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பாட்டு எதுன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு, திரும்பப் போட்டுப் பார்த்தேன். கம்பு வலது கையிலதான் இருக்கு. நாப்பது தடவையாவது அந்தப் பாட்டைப் பார்த்திருப்பேன், ஒரு தடவை கூடக் கண்ணுல படல. எங்க வீட்டுக்கு எதிர்லயே மேளக்காரர் வீடு இருக்கு, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

ஆனாலும் ஒண்ணு சொல்றேன். பாகுபலியும் பெரிய படம்தான். 2015ல முதல் பாகம் முடிஞ்சப்ப கட்டப்பா ஏன் குத்தினான்னு நாடே ரெண்டு வருஷம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அது சண்டையப் பத்தின கேள்வி இல்ல, ஒரு ஆள் ஏன் இப்படிப் பண்ணான்கிற கேள்வி. அப்ப பெரிய பட்ஜெட்டுல மனுஷனையும் வைக்க முடியும்தானே? பட்ஜெட் மேல பழி போடாதீங்கன்னுதான் சொல்றேன்.


பாமணி ஆறு எழுதியது:

மூணு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன், எழுதலாமா வேண்டாமான்னு. மன்னார்குடி பொண்ணு நான். சென்னையில ஆறு வருஷமா வி.எஃப்.எக்ஸ்., அதாவது படத்துக்கு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வேலை. ரோட்டோல ஆரம்பிச்சு இப்ப காம்போசிட்டிங் பண்றேன், தனித்தனியா இருக்கிற காட்சிகளை ஒண்ணா சேர்த்து ஒரே ஷாட் ஆக்குற வேலை. ரோட்டோன்னா ஒவ்வொரு ஃபிரேமா நடிகரோட ஓரத்தை வரைஞ்சு பின்னணியிலேர்ந்து பிரிக்கிறது. தலைமுடி பறந்தா ஒவ்வொரு முடிக் கத்தைக்கும் கோடு போடணும். ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம்.

கிராஃபிக்ஸ் சரியில்லைன்னு எல்லாரும் திட்டறீங்க. அந்தத் திட்டு எங்க மேல விழுறது நியாயம் இல்லைன்னு சொல்லத்தான் முதல்ல எழுத நினைச்சேன். டி.டி. ஏரியா அண்ணன் சொன்ன அதே தேதிப் பிரச்சினைதான். எப்படி எடுக்கப்போறோம்னு முடிவு பண்ணாம பச்சைத் துணிய முன்னாடி கட்டி எடுத்துட்டு வந்துடுவாங்க. வெயில் எந்தப் பக்கம்னு தெரியாது. ஒரே ஷாட்டை நாலு தடவை மாத்துவாங்க. கடைசி ரெண்டு வாரத்துல ஆபீஸ்லயே தூங்கி எழுந்து வேலை பார்ப்போம். ஜுராசிக் பார்க் 1993ல வந்துச்சு. அந்த முழுப் படத்துல டைனோசர் திரையில தெரியறது சுமாரா 15 நிமிஷம்தான். மீதியெல்லாம் தண்ணி டம்ளர் அதிர்றது, மனுஷங்க பயப்படறது. அவங்களுக்கு எதைக் காட்டணும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருந்துச்சு. அதனால அந்த 15 நிமிஷத்தை ஒழுங்கா செய்ய நேரம் இருந்துச்சு. எங்ககிட்ட ரெண்டாயிரம் ஷாட்டைக் குடுத்துட்டு எல்லாமே நல்லா வரணும்னா எப்படி வரும்?

ஆனா நான் சொல்ல வந்தது வேற.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய படம், அஞ்சு மொழியில வந்தது. எனக்கு ஒரு ஆத்து ஷாட் வந்துச்சு. கதைப்படி காவிரிக் கரை, ஆடி மாசம், ஒரு பொண்ணு படித்துறையில இறங்கி குடத்துல தண்ணி மோக்குறா. எடுத்தது வேற மாநிலத்துல, வறண்ட குளத்துல. தண்ணிய நாங்க வைக்கணும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். புதுத்தண்ணி எப்படி வரும்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல பாமணி ஆத்துப் பாலத்துல எங்க தாத்தா தோள்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன். முதல்ல ஒரு வாசனை வரும், காஞ்ச மண்ணு நனையற வாசனை. அப்பறம் சருகு, தேங்காய் மட்டை, குச்சி, அறுந்த செருப்பு எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு ஒரு முழ உயரத்துக்கு நுரை. அதுக்குப் பின்னாடி நுங்கும் நுரையுமா செம்மண் கலந்த தண்ணி. டீ கலர்லேர்ந்து கொஞ்சம் சிவப்பு. ஆடிப்பெருக்கு வரைக்கும் அந்தக் கலங்கல் போகாது.

நான் அப்படியே பண்ணினேன். ஓரத்துல ஒரு தேங்காய் மட்டைகூட மிதக்க விட்டேன். யாரும் கேட்காம, சாயங்காலம் நானா உட்கார்ந்து பண்ணது. திரும்பி வந்த குறிப்புல ஒரே வரி. தண்ணி அழுக்கா இருக்கு, நீலமா மாத்தவும். எங்க சூப்பர்வைசர்கிட்ட காவிரி ஆடியில இப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். அவர் நல்ல மனுஷர், மேல கேட்டாரு. எல்லா ஊர்க்காரங்களுக்கும் பார்க்க அழகா இருக்கணும், இந்தக் கலரைப் பார்த்தா வடக்க இருக்கிறவங்களுக்குப் புரியாதுன்னு பதில் வந்துச்சு. நீலமா மாத்தினேன். தேங்காய் மட்டையையும் எடுத்துட்டேன்.

படம் வந்து மன்னார்குடியில அம்மாவோட பார்த்தேன். அந்த ஷாட் மூணு செகண்டு. அம்மா என் பக்கம் திரும்பி "இது எந்த ஊரு ஆறுடி, நல்லா இருக்கே"ன்னு கேட்டாங்க.

ஆபரேட்டர் தாத்தா, நீங்க கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் அதுதான். எல்லாருக்கும் பிடிக்கணும்னு ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே போறாங்க. கலர் போச்சு, பேச்சு போச்சு, ஊரு போச்சு. மிச்சம் இருக்கிறது சண்டைதான், அதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.


மூணாறு தலைப்பு எழுதியது:

பாப்பா, உன் எழுத்தைப் படிச்சிட்டு கடைய அரை மணி நேரம் சாத்திட்டு ஆத்துப் பக்கம் போயிட்டு வந்தேன்.

கொட்டகையில நான் இருந்தப்ப ஒரே பிரிண்ட்டை ரெண்டு ஊர் கொட்டகைக்கு ஓட்டுவோம். அங்க முதல் ரெண்டு ரீல் முடிஞ்சதும் ஒருத்தன் சைக்கிள்ல பெட்டியக் கட்டிக்கிட்டு இங்க வருவான். மழை நாள்ல வாய்க்கால் கரை வழுக்கும். ஒரு தடவை பையன் விழுந்துட்டான், முழங்கால் பேந்துபோச்சு, பெட்டிய மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தான். கொட்டகையில முக்கால் மணி நேரம் விளக்கைப் போட்டுட்டு ஜனம் அசையாம உட்கார்ந்திருந்துச்சு. கதை பாதியில நிக்குது, அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு தெரியாம யாரும் வீட்டுக்குப் போகத் தயாரா இல்ல. அது பெரிய படம் இல்ல, இன்னைக்கு யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது. டீச்சரம்மா சொன்ன மாதிரி பதராவே இருக்கலாம். ஆனா அதுல ஒரு பொண்ணு இருந்தா, அவளுக்கு என்ன ஆகும்னு எங்களுக்குக் கவலை இருந்துச்சு.

குடந்தை தம்பி சொன்னதையும் நான் ஏத்துக்கறேன். பட்ஜெட் மேல பழி இல்ல. பாகுபலிய எங்க தெருவுல கிழவிங்ககூட பார்த்தாங்க, சிவகாமி ஏன் அப்படி முடிவு எடுத்தான்னு திண்ணையில சண்டை போட்டாங்க. அதைப் பார்த்துட்டுப் படம் எடுக்க வந்தவங்க யானையையும் அருவியையும் மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அந்தத் திண்ணைச் சண்டைய யாரும் எடுத்துக்கல.

கடைமடைக்கார தம்பி, உங்க வீட்டுல சொன்ன அந்தப் பாவாடைப் பேச்சை சினிமா எடுக்கிற ஒவ்வொருத்தரும் கேட்கணும்.


ஹரித்ராநதி எழுதியது:

ஒரு சேதி விட்டுப்போயிற்று. 2018இல் 96, 2024இல் மெய்யழகன். இரண்டுமே பிரேம்குமார் இயக்கியவை. முதல் படத்தில் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம், இரண்டாவதில் நீடாமங்கலம். இரவெல்லாம் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுதான் மெய்யழகன். ஆபரேட்டர் சார் கேட்ட காட்சி அதில் படம் முழுக்க இருக்கிறது. அதையும் நீளம் என்று வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடம் குறைத்தார்கள். சண்டைக்காட்சி நிறைந்த படத்தில் 12 நிமிடம் போனால் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதில் போன ஒவ்வொரு நிமிடத்துக்கும் எனக்குத் துக்கம். பொறுமை போனது எடுப்பவர்களிடம் மட்டுமல்ல. நம்மிடமும்தான் போயிருக்கிறது. என் பழைய மாணவன் ஒருவன் பேசுகிற காட்சியில் செல்போனை எடுத்துப் பார்த்தான், நான் பக்கத்தில் இருந்தேன். அவன் நல்ல பையன், ரசித்து அழுதும் இருக்கிறான். கை தானாகப் போகிறது.

அதே 2024இல் லப்பர் பந்து, வாழை. அடுத்த ஆண்டு டூரிஸ்ட் ஃபேமிலி. இவை எல்லாம் தியேட்டருக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்த படங்கள். ஆகவே ஜனங்களுக்கு மனிதக் கதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.


டி.டி. ஏரியா எழுதியது:

உண்மை டீச்சர். டூரிஸ்ட் ஃபேமிலி எங்க ஏரியாவுல முதல் நாளைவிட மூணாவது நாள் நல்லா போச்சு. ரொம்ப நாள் கழிச்சு லெட்ஜர்ல அப்படி ஒரு வரிய எழுதினேன். ஓடிடிக்காரங்களும் முன்னை மாதிரி ஸ்டார் பேருக்கு அள்ளிக் குடுக்கறதில்ல இப்ப. அதனால தயாரிப்பாளருங்க கொஞ்சம் யோசிக்க ஆரம்பிச்சிருக்காங்க. பயத்துல யோசிக்கறாங்க, பரவாயில்ல, யோசிக்கட்டும்.


பாமணி ஆறு எழுதியது:

ஆபரேட்டர் தாத்தா, ஒரு உதவி. இப்ப நான் வேலை பார்க்கிற படம் நடுத்தர பட்ஜெட், புது டைரக்டர், நம்ம திருவாரூர் பக்கம்தான். அவங்ககிட்ட இந்தத் தண்ணிக் கதையச் சொன்னேன். அப்படியே வேணும், நுரை, மட்டை எல்லாம் வேணும், ஆனா மாதிரிக்கு வீடியோ இருந்தா நல்லா இருக்கும்னு சொல்லியிருக்காங்க. மேட்டூர் 12ஆம் தேதி திறந்தாச்சு, கல்லணையும் திறந்துட்டாங்க. எனக்கு லீவு கிடைக்கல. உங்க நீடாமங்கலத்துல தண்ணி மூணு ஆறா பிரியற மூணாறு தலைப்புக்குத் தண்ணி வரும்போது போன்ல எடுத்து அனுப்ப முடியுமா? காலை வெளிச்சத்துல இருந்தா நல்லது. போனை அசைக்காம, படுக்கை வாட்டத்துல பிடிச்சு, குறைஞ்சது அஞ்சு நிமிஷம் விடாம எடுங்க.


மூணாறு தலைப்பு எழுதியது:

இதுக்கு உதவின்னு பேரா பாப்பா? லாக்குல, அதான் மதகுல, வேலை பார்க்கிற தம்பிகிட்ட கேட்டுட்டேன். நாளைக்கு விடிகாலையில வந்துடும்னு சொல்றான். கோரையாறு, வெண்ணாறு, பாமணியாறு மூணு பக்கமும் எந்த நேரத்துக்குத் திறப்பாங்கன்னும் விசாரிச்சு வச்சிருக்கேன். உன் பாமணியாத்துப் பக்கமே நிக்கறேன். பேரனையும் கூட்டிக்கிட்டுப் போறேன், அவன் ரெண்டாவது போன்ல பாலத்து மேலேர்ந்து எடுப்பான். நான் கீழ படிக்கட்டுல உட்கார்ந்து எடுக்கறேன். அஞ்சு நிமிஷம் என்ன, ஒரு ரீல் அளவுக்கே எடுத்துடறேன், இருவது நிமிஷம்.


கடைமடைக்காரன் எழுதியது:

அண்ணே, எடுத்ததும் இங்கயும் போடுங்க. எங்க ஊருக்கு அந்தத் தண்ணி வந்து சேர இன்னும் பல நாள் ஆகும். புள்ளைங்களுக்குக் காட்டறேன்.